உண்மைக் காரின் அடர்சிவப்பை ஆர்.சி. பாடியில் கொண்டுவருவது: குறியீடு சரி, நிறம் சேரவில்லை

அணைக்கரை, கிருஷ்ணகிரி

அனைவருக்கும் வணக்கம். அப்பா 2006-இல் வாங்கிய ஸ்விப்ட் இன்னமும் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. அதன் நிறம் அடர்சிவப்பு. காலை வெயில் நேராகப் பட்டால் உள்ளுக்குள் பொன்பொடி மின்னுவது தெரியும். பொழுது சாய்ந்தபின் பார்த்தால் மிளகாய் வற்றலின் நிறத்துக்கு இருண்டுவிடும். வருகிற ஆவணியில் அந்த வண்டி அரூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறது. அது போவதற்குள், ரேடியோ ரிமோட்டில் ஓடும் என் 1/10 அளவு ஆர்.சி. காருக்காக வாங்கி வைத்திருக்கும் ஸ்விப்ட் பாடியை (உட்புறத்தில் பெயின்ட் அடிக்கும் தெளிவான பிளாஸ்டிக் மேல்கூடு) அதே நிறத்தில் அடித்து முடித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. ஏறத்தாழச் சிவப்பு என்பது எனக்குப் போதாது. வண்டியின் பானெட் மீது பாடியை வைத்தால் இரண்டும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும்.

வண்டியின் தகட்டில் இருந்த வண்ணக் குறியீட்டைக் குறித்துக்கொண்டு போய், கார் பெயின்ட் கலந்து தரும் ஒரு கடையில் 100 மில்லி வாங்கினேன். கடைக்காரர் குறியீட்டைக் கணினியில் போட்டுப் பார்த்து, தராசில் கிராம் கணக்காக ஊற்றித்தான் கலந்து கொடுத்தார். பழைய பாடி ஒன்றின் வெட்டிய துண்டை எடுத்து அதன் உட்புறத்தில் அடித்துப் பார்த்தேன். மறுநாள் அந்தத் துண்டை விரலால் லேசாக வளைத்தபோது, சிலந்தி வலை போலக் கீறல் ஓடி, பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் பிளாஸ்டிக்கே பனி படர்ந்த கண்ணாடி போல மங்கியிருந்தது.

நிறமும் சேரவில்லை. வீட்டுக்குள் டியூப் லைட்டில் ஒத்துப்போன துண்டு, வாசலில் காரின் கதவோடு வைத்துப் பார்த்தபோது ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து, மின்னல் ஏதுமின்றித் தட்டையாக இருந்தது. குறியீடு சரியாக இருக்கும்போது நிறம் எப்படித் தவறுகிறது? எந்தப் பெயின்டை வாங்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒசூர்ப் பனி, ஒசூர்

வணக்கம் நண்பரே. நான் ஒசூரில் ஒரு வாகனத் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்க்கிறேன்; பத்து ஆண்டுகளாக ஆர்.சி. பாடிகளும் அடித்து வருகிறேன். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றே. அந்தப் பெயின்ட் இரும்புத் தகட்டின் மேற்புறத்துக்காகச் செய்யப்பட்டது. நீங்கள் அடித்ததோ ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட்டின் உட்புறத்தில்.

முதலில் உதிர்ந்த கதை. நாம் லெக்ஸான் என்று பழக்கத்தில் சொல்லும் பாலிகார்பனேட், அடி தாங்குவதில் கெட்டி. ஆனால் தின்னர் என்றால் அதற்கு ஆகாது. கார் பெயின்டுக்கான தின்னரில் உள்ள கரைப்பான்கள், வார்ப்பின்போதே இழுவிசை தேங்கி நிற்கும் மூலைகளில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். நீங்கள் பார்த்த பனிப்படலம் அதுதான். அதோடு, கார் பெயின்ட் வளையாத தகட்டுக்கு ஏற்றபடி இறுகக் காய்வது. நம் பாடியோ ஒவ்வொரு மோதலிலும் வளைந்து நிமிர்வது. ஆகையால் பாலிகார்பனேட்டுக்கென்றே செய்த பெயின்டைத்தான் அடிக்க வேண்டும். டமியாவின் பி.எஸ். வரிசை ஸ்ப்ரே டப்பாக்கள் அதற்கானவை. அவை பிளாஸ்டிக்கை மெலிதாகக் கடித்துப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து வளையும். அதே நிறுவனத்தின் டி.எஸ். வரிசை கெட்டிப் பிளாஸ்டிக் மாடல்களுக்கானது; கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், மாற்றி எடுத்துவிடாதீர்கள். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் சிறு கருவி) இருந்தால் பாலிகார்பனேட்டைப் பிடிக்கும் நீர்க்கலவைப் பெயின்டுகளும் கிடைக்கின்றன.

இனி நிறம். தொழிற்சாலையில் தகட்டின் மேல் முதலில் துருத்தடுப்புப் படலம், அடுத்து பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற பளபளப்புப் பூச்சான கிளியர் என்று அடுக்கு ஏறுகிறது. மொத்தமும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 130 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இருக்கும். அதில் பேஸ் கோட் 15 மைக்ரான் அளவுதான். நம் பாடியில் இந்த அடுக்கு தலைகீழ். பிளாஸ்டிக்தான் கிளியர் கோட். நீங்கள் முதலில் அடிப்பதுதான் வெளியே முதலில் தெரியும். கடைசியில் அடிப்பது எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும். சிவப்பு நிறமிகள் பெரும்பாலும் ஒளியை ஊடுருவ விடுபவை. பின்னால் எந்த நிறம் நிற்கிறதோ அதையும் சேர்த்துத்தான் கண் பார்க்கும். சாம்பல் பிரைமர் மீது முழுமையாக மூடும்படி வகுத்த கலவையை, பின்னணி எதுவுமில்லாமல் மெல்லியதாக அடித்துவிட்டு வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்தால் அது ஆரஞ்சாகத்தான் வெளுக்கும்.

செம்மண், தருமபுரி

தம்பி, நான் தருமபுரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கார் பெயின்டிங் பட்டறை நடத்துகிறேன். ஆர்.சி. கார் என் மகன் வழியாக வந்த பழக்கம். ஒசூர் நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் பெயின்ட் வாங்குவதற்கு முன்பு நீங்கள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எந்தச் சிவப்பை உங்களுக்கு மேட்ச் செய்ய வேண்டும்? 2006-இல் ஷோரூமிலிருந்து வந்த சிவப்பையா, இன்று வாசலில் நிற்கும் சிவப்பையா?

இவை இரண்டும் ஒன்றல்ல. நம் ஊர் வெயிலில் இத்தனை ஆண்டுகள் நின்ற வண்டியின் கூரையும் பானெட்டும் ஒரு நிறமாகவும், கதவுகள் இன்னொரு நிறமாகவும் மாறியிருக்கும். சிவப்பு, வெயிலுக்கு விரைவில் தளரும் நிறம். மேலே உள்ள கிளியர் மங்கி வெண்மை பூத்தால், அடியில் நிறம் நன்றாக இருந்தாலும் கண்ணுக்கு வெளிறித்தான் தெரியும். பெட்ரோல் மூடியின் கதவைத் திறந்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். பின்கதவைத் தூக்கி ரப்பர் பீடிங்குக்கு அடியில் உள்ள விளிம்பையும் பாருங்கள். வெயில் படாத அந்த இடங்களில்தான் பழைய நிறத்துக்கு நெருங்கியது இருக்கும். அங்கும் கிளியர் மெலிதாக இருப்பதால் மினுக்கம் சற்றுக் குறையலாம். அடுத்து, கதவின் கீழ்ப்பகுதியில் உள்ளங்கை அளவு இடத்தை நன்றாகக் கழுவி, ரப்பிங் காம்பவுண்டை வெள்ளைத் துணியில் தொட்டு, அழுத்தாமல் தேய்த்துப் பாருங்கள். துணி சிவப்பானால் அந்த இடத்தில் கிளியர் போய்விட்டது, அல்லது யாரோ ஒரு காலத்தில் கிளியர் இல்லாமல் டச்சப் செய்திருக்கிறார்கள். துணி வெள்ளையாகவோ மங்கல் அழுக்காகவோ இருந்தால் கிளியர் இருக்கிறது. தேய்த்த இடத்தில் தெரியும் நிறத்தை நம்பலாம்.

குறியீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே குறியீட்டுக்குப் பெயின்ட் நிறுவனங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட சூத்திரங்கள் வைத்திருக்கும். நாங்கள் வேரியன்ட் என்போம். தொழிற்சாலையில் ஆண்டுக்கு ஆண்டு, தொகுதிக்குத் தொகுதி நிறம் சற்று நகர்வதால் வந்த ஏற்பாடு அது. ஒன்று சற்று மஞ்சள் பக்கம், ஒன்று நீலப் பக்கம், ஒன்று இருட்டுப் பக்கம் என்று இருக்கும். அதனால் நல்ல பெயின்டர் யாரும் குறியீட்டை மட்டும் பார்த்து வண்டியில் அடிக்க மாட்டார். ஒரு தகட்டில் அடித்து, கிளியர் போட்டு, காய்ந்தபின் வண்டியோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்த பிறகே அடிப்பார்.

இன்னொன்று கேட்கிறேன். கடையிலிருந்து வாங்கி வந்த டின்னை அடிப்பதற்கு முன் அடிவரை கலக்கினீர்களா? மின்னலைத் தரும் மைக்காவும் அலுமினியப் பொடியும் கனமானவை. அரை மணி நேரத்தில் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை ஊற்றி அடித்தால் மின்னல் வராது.

அணைக்கரை, கிருஷ்ணகிரி

அண்ணா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. நான் கலக்கவில்லை. டின்னை நான்கு முறை குலுக்கினேன், அவ்வளவுதான். இன்று குச்சியை விட்டு அடியைத் தொட்டுப் பார்த்தபோது, குழைந்த சந்தனம் போலப் பளபளக்கும் வண்டல் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஏறிவந்தது.

காலையில் காரைக் கழுவி நீங்கள் சொன்னபடி பார்த்தேன். எங்கள் வண்டியில் மூன்று சிவப்புகள் இருக்கின்றன. கூரை, தேய்ந்த செங்கல்லின் நிறத்தில் இருக்கிறது. கதவில் தேய்த்த இடம் தெளிந்து ஆழமாக வந்தது. துணி வெள்ளையாகவே இருந்தது. பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் நான் பார்த்தது, சிறுவயதில் பின்சீட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்த அந்தச் சிவப்பு. இத்தனை நாளும் என் மனத்தில் இருந்தது அதுதான் என்பதும், வாசலில் நிற்பது வேறு என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் மூடியைத் திறந்து மூடி இரண்டு முறை பார்த்துவிட்டு, "இதைத்தான் பார்த்து வாங்கினேன்" என்றார்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். கதவில் தேய்த்த இடமே என் இலக்கு. மூடியின் உட்புற நிறத்துக்கு அது மிக அருகில் இருக்கிறது. பாடியை ஒட்டிவைத்துப் பார்க்க இடவசதியும் உண்டு.

பர்கூர்க் கல், பர்கூர்

இவ்வளவு சிரமப்படத் தேவை உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் வரும் கெட்டி பாடி ஒன்றை எடுத்தால், உண்மைக் காரைப் போலவே வெளிப்புறத்தில் பிரைமர், பேஸ் கோட், கிளியர் என்று அடிக்கலாம். கடையில் கலந்த அதே பெயின்டைப் பயன்படுத்தலாம். தலைகீழ்க் கணக்கு எதுவும் இல்லை. பாறை ஏறும் என் கிராலர் ஜீப்புகள் இரண்டுக்கும் அப்படித்தான் அடித்திருக்கிறேன், நிறம் அச்சாக வந்தது.

ஒசூர்ப் பனி, ஒசூர்

பர்கூர் நண்பர் சொல்வது, மெதுவாகப் பாறை ஏறும் வண்டிக்கு முற்றிலும் பொருந்தும். அலமாரியில் வைக்கும் மாடலாக இருந்தாலும் நானும் அதையே சொல்வேன். ஆனால் வேகமாக ஓடி வேலியில் மோதும் காருக்குக் கெட்டி பாடி தாங்காது. எடையும் மேலே கூடி, வளைவில் கவிழும். இன்னொன்றும் உண்டு. கிரானைட் பட்டறைகள் இருக்கும் உங்கள் பக்கத்து மண்ணில் ஓட்டினால் வெளிப்பூச்சு ஒரே வாரத்தில் கீறல்மயமாகிவிடும். பாலிகார்பனேட்டில் கீறல் பிளாஸ்டிக்கின் மேல்தான் விழும். நிறம் உள்ளே பத்திரமாக இருக்கும்.

அணைக்கரை நண்பருக்கு இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பழைய பாடியின் தெளிவான பகுதியிலிருந்து 3 சென்டிமீட்டர் அகலம், 8 சென்டிமீட்டர் நீளத்தில் ஐந்து துண்டுகள் வெட்டுங்கள். பாத்திரம் துலக்கும் சோப்பும் நீரும் கொண்டு உட்புறத்தைக் கழுவுங்கள். துணியால் துடைக்காமல் நிழலில் உலர விடுங்கள், துடைத்தால் மின்னேற்றம் ஏறித் தூசியை இழுக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு அடுக்கைப் பாருங்கள். முதல் துண்டில் சாதாரணச் சிவப்பு பி.எஸ்.-2, பின்னால் வெள்ளை பி.எஸ்.-1. இரண்டாவதில் ஒளி ஊடுருவும் சிவப்பு பி.எஸ்.-37 ஒரே ஒரு கோட், பின்னால் வெள்ளி பி.எஸ்.-12. மூன்றாவதில் அதே பி.எஸ்.-37 மூன்று கோட், பின்னால் வெள்ளி. நான்காவதில் புகைநிறம் பி.எஸ்.-31-ஐ மெல்லியதாக முதலில் தூவி, அதன்பின் மூன்றாவதைப் போலவே. ஐந்தாவதில் பி.எஸ்.-37 மூன்று கோட், அதன்மேல் பொன்நிறம் பி.எஸ்.-13-ஐத் தொலைவிலிருந்து தூசி போல ஒரே வீச்சு, பிறகு வெள்ளி. எல்லாவற்றுக்கும் கடைசியில் கறுப்பு பி.எஸ்.-5 ஒரு கோட் அடித்து ஒளியை அடைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் நிறத்தைக் கெடுக்கும்.

ஐந்தாவது துண்டின் காரணம் இதுதான். நீங்கள் சொன்ன பொன்மின்னல் மைக்காவிலிருந்து வருகிறது. உண்மைக் காரில் அது சிவப்போடு கலந்தோ சிவப்புக்கு மேலேயோ நிற்கும். நமக்கு அந்த அளவு நுண்ணிய மைக்கா கைவசம் இல்லை. சிவப்புக்குப் பின்னால் பொன்நிறத்தை நிறுத்தினால், சிவப்பை ஊடுருவிச் சென்று திரும்பும் ஒளி அந்தச் சூட்டைக் கொண்டுவரும்.

அடிக்கும் விதத்துக்கும் நிறத்தில் பங்கு உண்டு. உலோகப் பொடி கலந்த எந்தப் பெயின்டும் ஈரமாக அடித்தால் இருண்டும், வறட்சியாகத் தூவினால் வெளிறியும் வரும். ஆகவே ஐந்து துண்டுகளையும் ஒரே தொலைவில், ஒரே வேகத்தில் அடியுங்கள். பாடியை அடிக்கும்போதும் அதே கைவீச்சு வேண்டும்.

பாலக்கோடு மாணவன், பாலக்கோடு

அண்ணன்மார்களுக்கு வணக்கம். கைபேசியில் கதவைப் படம் எடுத்து, அந்தப் படத்தின் நிற எண்களைப் படித்து, அதற்கு நெருங்கிய பெயின்டைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் துண்டு வேலையெல்லாம் மிச்சமாகாதா? அதற்கான செயலிகள் இருக்கின்றனவே.

ஒசூர்ப் பனி, ஒசூர்

தம்பி, கேட்டது நல்லது. பலரும் தவறும் இடம் இது. கைபேசிக் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெண்மைச் சமநிலையைத் தானே மாற்றிக்கொள்கிறது. அதே கதவை, பக்கத்தில் பச்சைச் செடியோடு ஒரு முறையும் வெள்ளைச் சுவரோடு ஒரு முறையும் எடுத்துப் பாருங்கள், இரண்டு எண்கள் வரும். அதோடு, இவ்வளவு செறிவான சிவப்பு கைபேசித் திரை காட்டக்கூடிய நிற எல்லையின் ஓரத்தில் இருப்பதால், படத்தில் நுட்பம் நசுங்கி ஒரே சிவப்பாகிவிடும்.

தொழிற்சாலையில் நிறத்தை எண்ணாக அளப்பது உண்மைதான். அதற்கு நிறமாலைமானி என்னும் கருவி இருக்கிறது. 1976-இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வகுத்த எல், ஏ, பி என்னும் மூன்று அச்சுகளில் அது நிறத்தைக் குறிக்கும்: எவ்வளவு வெளிச்சம், சிவப்பா பச்சையா, மஞ்சளா நீலமா. இரண்டு நிறங்களுக்கு இடையிலான தொலைவை டெல்டா ஈ என்று சொல்வோம். ஆனால் உலோகப் பொடியோ மைக்காவோ கலந்த மெட்டாலிக், முத்து நிறங்களை ஒரே கோணத்தில் அளந்தால் பயனில்லை என்பதால் 15, 25, 45, 75, 110 பாகைகளில் தனித்தனியாக அளக்கும் கருவியைத்தான் பயன்படுத்துகிறோம். நேராகப் பார்க்கும்போது ஒன்று, சாய்த்துப் பார்க்கும்போது இன்னொன்று என்று ஒரே பெயின்டுக்கு ஐந்து எண் வரும். கைபேசி தரும் ஒற்றை எண்ணில் அணைக்கரை நண்பரின் மிளகாய் வற்றல் நிறத்தை எங்கே வைப்பது?

டியூப் லைட்டில் சேர்ந்தது வெயிலில் பிரிந்ததற்கும் பெயர் உண்டு, மெட்டாமெரிசம் என்பார்கள். வெவ்வேறு நிறமிகளால் ஆன இரண்டு பூச்சுகள் ஒரு விளக்கின்கீழ் ஒன்றாகவும் இன்னொரு விளக்கின்கீழ் வேறாகவும் தெரியும். கார் பெயின்டில் உள்ள நிறமியும் ஸ்ப்ரே டப்பாவில் உள்ள நிறமியும் ஒன்றல்ல என்பதால் நமக்கு இந்தச் சிக்கல் என்றைக்கும் உண்டு. எந்த வெளிச்சத்தில் ஒத்துப்போக வேண்டும் என்பதை நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். தொழிலில் டி65 எனப்படும் 6500 கெல்வின் பகலொளியை அளவுகோலாக வைக்கிறோம். வீட்டில் அதற்கு ஈடு, காலை ஒன்பது மணிக்குமேல் வடக்கு பார்த்த நிழலில் நின்று பார்ப்பது. சிவப்பு ஓட்டுக் கூரைக்கும் செம்மண் தரைக்கும் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள். அவற்றின் சாயல் நிறத்தின்மேல் ஏறும்.

செம்மண், தருமபுரி

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். துண்டைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்க்கக் கூடாது. கதவோடு ஒட்டி, ஒரே தளத்தில், இரண்டுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் வையுங்கள். நேராகப் பாருங்கள், பிறகு வண்டியின் பின்பக்கம் நகர்ந்து கதவோரமாகச் சாய்ந்து பாருங்கள். நேரே ஒத்துச் சாய்வில் பிரிந்தால் அது மேட்ச் அல்ல. பத்து நொடிக்கு மேல் உற்றுப் பார்க்காதீர்கள். சிவப்பை வெறித்துப் பார்த்தால் கண் களைத்து எல்லாம் ஒன்றாகத் தெரியத் தொடங்கும். நடுவில் சாம்பல்நிறத் தரையையோ தாரையோ பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

பர்கூர்க் கல், பர்கூர்

பாலிகார்பனேட்டைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை இன்னும் யாரும் தொடவில்லை. உண்மைக் காரின் நிறத்தை அப்படியே சிறிய மாடலில் அடித்தால் அது கறுத்துத் தெரியும். பரப்பு சிறியது, நாம் பார்ப்பது அருகிலிருந்து. அதனால்தான் மாடல் செய்கிறவர்கள் நிறத்தில் சிறிது வெள்ளை கலந்து இளக்குவார்கள். மேலும், கார் பெயின்டின் அலுமினியத் துகள் 10 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். அதையே 1/10 மாடலில் அடித்தால், முழு அளவுக் காரில் அரை மில்லிமீட்டர் துகள் போட்டது போலப் பொரிப்பொரியாகத் தெரியும்.

செம்மண், தருமபுரி

துகளைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. மாடலுக்குக் கிடைப்பதிலேயே நுண்ணிய பொடி வேண்டும். ஆனால் இளக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தம்பி இந்த பாடியைத் தனியாக அலமாரியில் வைத்துப் பார்க்கப் போவதில்லை, பானெட் மீது வைத்து ஒப்பிடப் போகிறார். ஒட்டி வைத்துப் பார்க்கும்போது இளக்கிய நிறம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இந்த அடர்சிவப்பில் வெள்ளை கலந்தால் இளகுவதோடு நிற்காது, ரோஜா நிறத்துக்கு ஓடிவிடும். இளக்கியே தீர வேண்டுமென்றால் ஊடுருவும் சிவப்பில் ஒரு கோட்டைக் குறைக்கலாம். வெள்ளையைத் தொடக் கூடாது.

அணைக்கரை, கிருஷ்ணகிரி

பெங்களூரிலிருந்து டப்பாக்கள் வந்து சேர்ந்தன. ஸ்ப்ரே டப்பாக்களை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் தரைவழி கூரியரில் வர எட்டு நாள் ஆகிவிட்டது. ஐந்து துண்டுகளையும் அடித்து, ஒரு முழு இரவு உலரவிட்டு, காலையில் காரை அணைக்குப் போகும் சாலையில் ஒரு புளியமர நிழலில் நிறுத்திப் பார்த்தேன். மரத்தின் பச்சை சாயல் விழுந்ததால் வண்டியை வெளியே எடுத்து, ஒரு கட்டடத்தின் வடக்குப் பக்க நிழலுக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன்.

முதல் துண்டு தீயணைப்பு வண்டி, பேசவே வேண்டியதில்லை. இரண்டாவது, பண்டிகைச் சாக்லேட் காகிதம் போல இளஞ்சிவப்பில் மின்னியது. மூன்றாவது நேர்ப்பார்வையில் நெருங்கியது, ஆனால் குளிர்ந்த சிவப்பு; கதவில் இருந்த சூடு அதில் இல்லை. நான்காவது சாய்வில் அழகாக இருண்டது, நேர்ப்பார்வையிலோ அழுக்கேறியது போலத் தெரிந்தது. ஐந்தாவதைக் கதவோடு ஒட்டியபோது அதன் மேல்விளிம்பு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். ஆனால் பின்பக்கமாக நகர்ந்து சாய்ந்து பார்த்தால் கதவு இருள்கிறது, துண்டு இன்னும் சிவப்பாகவே நிற்கிறது. செம்மண் அண்ணன் சொன்ன கணக்கில் இது மேட்ச் அல்ல. என்ன செய்யலாம்?

ஒசூர்ப் பனி, ஒசூர்

மிக நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். சாய்வில் இருளாததற்குக் காரணம் இரண்டு. சாய்வாகப் போகும் ஒளி சிவப்புப் படலத்துக்குள் கூடுதல் தொலைவைக் கடக்கிறது. படலம் தடித்திருந்தால்தான் அந்தக் கூடுதல் தொலைவு இருட்டாக வெளியே தெரியும். உங்கள் படலம் மெல்லியது. அடுத்து, வெள்ளியைத் தூவலாக அடித்திருப்பீர்கள். துகள்கள் தாறுமாறாக நின்று எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறடிக்கின்றன. அவை பிளாஸ்டிக்குக்கு இணையாகப் படுத்தால் ஒளி நேரே திரும்பிவிடும், பக்கவாட்டில் இருள் விழும். ஆகவே பி.எஸ்.-37-ஐ நான்கு கோட்டாக்குங்கள். வெள்ளியைச் சற்று ஈரமாக, ஒழுகாத அளவில், ஒரே கோட்டில் படுக்க வையுங்கள். நான்காவது கோட்டால் நேர்ப்பார்வை சற்று இருளும். அதைப் பொன் வீச்சைக் கொஞ்சம் கூட்டிச் சரிக்கட்டலாம். ஆறாவது துண்டு ஒன்று அடித்துப் பார்த்துவிட்டுப் பாடிக்குப் போங்கள்.

செம்மண், தருமபுரி

அடிக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழை வரும் நாளில், காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் பெயின்டின் மேல் பால் போல வெண்படலம் விழும். உச்சி வெயிலில் அடித்தால் துளி பிளாஸ்டிக்கைத் தொடும் முன்பே காய்ந்து சொரசொரப்பாகும். காலை பத்து மணி சரியாக இருக்கும். டப்பாவை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் நிற்க வைத்தால் தூவல் பொடியாக வரும். கை பொறுக்கும் சூடே போதும், 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் டப்பாவைச் சூடாக்கவே கூடாது. கண்ணாடிப் பகுதிகளில் பெயின்ட் படாமல் ஒட்டும் மாஸ்க்கின் ஓரங்களை நகத்தால் அழுத்திவிட்டு, அந்த ஓரத்தில் முதல் கோட்டை மிக மெல்லியதாக அடியுங்கள். கனமாக அடித்தால் அடியில் கசியும்.

கடையில் கலந்த கார் பெயின்ட் மிச்சம் இருந்தால் அதை வீட்டுக்குள் அடிக்காதீர்கள். ஹார்ட்னர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் கிளியராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கும், துணியை மூக்கில் கட்டிக்கொள்வது அதற்குத் தடுப்பு ஆகாது. என் தொழிலில் ஆஸ்துமா வந்து ஒதுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அணைக்கரை, கிருஷ்ணகிரி

ஆறாவது துண்டு சேர்ந்தது. நேரிலும் சாய்விலும் சேர்ந்தது. நேற்றுக் காலை பாடியை அடித்தேன்.

பின்னால் வருகிறவர்களுக்காக அடுக்கை அப்படியே எழுதிவிடுகிறேன். பாடியின் உட்புறத்தில், அடித்த வரிசையில்: பி.எஸ்.-37 நான்கு மெல்லிய கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே பதினைந்து நிமிடம், பி.எஸ்.-13 தொலைவிலிருந்து இரண்டு வீச்சு, பி.எஸ்.-12 ஈரமாக ஒரு கோட். ஒரு மணி நேரம் கழித்து பி.எஸ்.-5 ஒரு கோட். சிவப்பு ஒரு டப்பா முழுவதும் தீர்ந்துவிட்டது. சக்கர வளைவின் உட்குழிவில் வெள்ளி சற்று வறண்டு விழுந்திருக்கிறது. அங்கே சாய்வில் பார்த்தால் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது. அந்தக் குழிவுக்குள் டப்பாவைத் திருப்ப முடியாததால் வந்த குறை அது. அடுத்த பாடியில் குழிவுகளை முதலில் அடித்துவிட்டுப் பிறகு பரந்த பகுதிக்கு வருவேன்.

இன்று காலை, பாடியின் வெளிப்புறத்தைக் காக்க ஒட்டியிருந்த மெல்லிய உறையைப் பின்முனையிலிருந்து உரித்தேன். அதுவரை மங்கலான படலத்தின் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்த நிறம், உரிக்க உரிக்க நனைந்தது போல ஆழமாகிக்கொண்டு வந்தது. பானெட் முழுவதையும் தேய்த்துப் பாலிஷ் போட்டு வைத்திருந்தேன். அதன்மேல் பாடியை வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் சுற்றி வந்து பார்த்தார். பிறகு பாடியைக் கையில் எடுத்துக்கொண்டுபோய், பெட்ரோல் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தோடு ஒட்டிப் பிடித்தார். பிடித்தபடியே வெகுநேரம் நின்றார்.

கடையில் கலந்த பெயின்டை நான் வீணாக்கப் போவதில்லை. அடிவரை கலக்கி, சாம்பல் பிரைமர் போட்ட தகட்டில் செம்மண் அண்ணன் சொன்னபடி அடித்துப் பார்க்கப் போகிறேன். சேர்ந்தால் கூரை வேலைக்கு அந்த வேரியன்ட் உதவும் என்று நினைக்கிறேன். ஆறாவது துண்டையும் அதன் அடுக்கு எழுதிய தாளையும் வண்டியின் டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துவிட்டேன். வண்டியோடு அரூர் போகட்டும். அண்ணா, கூரையை அடிக்க வேண்டி வந்தால் அக்காவை உங்கள் பட்டறைக்கே அனுப்பலாமா?

செம்மண், தருமபுரி

அனுப்புங்கள் தம்பி. துண்டும் உடன் வரட்டும். தகட்டில் அடித்துப் பார்ப்பதையும் நீங்களே தனியாகச் செய்ய வேண்டாம். டின்னை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், இங்கே ஸ்ப்ரே கன்னில் அடித்து, கிளியர் போட்டு, மூடியின் உட்புறத்தோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.